நாற்பத்தேழாம் எண் ரத்தம்

ஜூன் 10, செவ்வாய்

மருந்துக் கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி இது. இதுவரை இதில் எழுதியது இரண்டே வரி. ஒன்று கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதி, இன்னொன்று எனக்கு நாள் தள்ளிப்போன தேதி. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து, முப்பத்தைந்து வயதில் உண்டாகியிருக்கிறேன். இப்போதும் எழுதாவிட்டால் எப்போது எழுதுவது?

இன்றோடு பதினோரு வாரம். வாந்தி இன்னும் நிற்கவில்லை. லேப்பில் யாராவது சாம்பார் சாதத்தைத் திறந்தால் நான் வாசலுக்கு ஓடுகிறேன். எனக்குக் கீழே வேலை செய்யும் ரஹ்மத் பாவம், மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள்.

மருத்துவக் கல்லூரியிலிருந்து சுகந்தி மேடம் வந்திருந்தார். ஓர் ஆராய்ச்சி. மூன்று மாதத்துக்குள் இருக்கும் இருநூறு கர்ப்பிணிகளிடம் ரத்தம் எடுத்து, உடம்பில் அழற்சி எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அழற்சி என்றால் உள்ளே எங்கோ மெல்லப் புகைந்துகொண்டிருப்பது. ஈறு வீக்கமாக இருக்கலாம், உடல் பருமனாக இருக்கலாம், சாதாரணச் சளியாகக்கூட இருக்கலாம். சி.ஆர்.பி. என்கிற புரதம் ரத்தத்தில் கூடியிருந்தால் புகைகிறது என்று அர்த்தம். பிறகு ஆறாம் மாதம் அதே பெண்களுக்குக் குளுக்கோஸ் கொடுத்து, யாருக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை வந்திருக்கிறது என்று பார்த்து, இரண்டையும் பொருத்திப் பார்ப்பார்கள். முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு வழி கிடைக்குமா என்பதுதான் கேள்வி.

பெயர் கிடையாது, எண் மட்டும்தான். சி.ஆர்.பி. எவ்வளவு என்று அந்தப் பெண்களிடம் சொல்லவும் கூடாது.

"சொன்னா பயந்துருவாங்க முப்பிடாதி. கூட இருந்தா என்ன செய்யணும்னு நமக்கே இன்னும் தெரியாதே" என்றார் மேடம்.

"நானும் சேந்துக்கிடட்டா மேடம்?"

சிரித்துக்கொண்டே ஃபார்மை நீட்டினார். ரஹ்மத்தான் எனக்கு ரத்தம் எடுத்தாள். எனக்கு முன் நாற்பத்தாறு பேர் சேர்ந்திருந்தார்கள். என் எண் 47.

ஜூன் 12, வியாழன்

ஐம்பது டியூபை மெஷினில் வைத்தேன். மூன்று, இரண்டு, நாலரை, ஐந்து என்று வந்துகொண்டிருந்தது. நாற்பத்தேழில் 11.8.

டியூபைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். 11.6.

இருநூறு பெண்களில் தன் எண்ணைத் தெரிந்துவைத்திருக்கப் போகிறவள் நான் ஒருத்திதான். கெட்டிக்காரத்தனமாகப் பெயரைக் கொடுத்தேன் பார்.

ஜூன் 14, சனி

டாக்டர் எஸ்தரிடம் போனேன். லேப்புக்குப் பக்கத்துக் கட்டடம்தான். என் பிரசவத்தை அவர்தான் பார்க்கப் போகிறார். விதியை மீறி விஷயத்தைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"கர்ப்பத்துல எல்லாருக்குமே கொஞ்சம் கூடத்தான் இருக்கும். ஒனக்கு இன்னும் கொஞ்சம் கூட. அது ஒரு எண்ணும்மா, நோய் இல்ல."

"சர்க்கரை வரும்னு அர்த்தமா டாக்டர்?"

"வரலாம். வராமலும் போகலாம். நீ கொஞ்சம் எடை கூட, ஒங்க அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கு, வயசு முப்பத்தஞ்சு. அந்த எண் இல்லாட்டியும் நான் ஒன்ன கவனிச்சுப் பாக்கத்தான் போறேன். நட, அரிசியக் குறை, ஆறாம் மாசம் ஒழுங்கா டெஸ்ட் எடு."

"இப்ப ஒரு மாத்திரை ஏதாவது?"

"எதுக்கு மாத்திரை? இதுக்குன்னு ஒண்ணும் கிடையாது."

பத்து வருஷமாக நான் பிறருக்கு எண்களை எழுதிக் கொடுக்கிறேன். காகிதத்தை வாங்கியதும் எல்லாரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்பிவிடுவேன். எனக்கு டாக்டரைப் பார்த்தும் ஒன்றும் நடக்கவில்லை.

ஜூன் 21, சனி

பல் டாக்டரிடம் போய் ஈறைச் சுத்தம் செய்துகொண்டேன். ரத்தம் வந்தது. சந்தோஷமாக இருந்தது. புகைகிற இடம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

ஜூலை 5, சனி

யாருக்கும் தெரியாமல் புதிதாக ரத்தம் எடுத்து மறுபடி மெஷினில் ஓட்டினேன். 10.9. ஈறு இல்லை போலிருக்கிறது.

இனிமேல் ஓட்டுவதில்லை.

ஜூலை 9, புதன்

அவரிடம் சொன்னேன். என் வீட்டுக்காரர் கோமதிநாயகத்துக்குப் புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் தரம் பிரிக்கிற வேலை. பழத்தைக் கையில் எடுத்த உடனே இது கேரளாவுக்கு, இது ஊறுகாய்க்கு, இது குப்பைக்கு என்று பிரித்துவிடுவார். என் 11.8-ஐ எந்தக் கூடையில் போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"அப்ப ஒனக்குச் சர்க்கரை இருக்கா இல்லையா?"

"இல்ல. வரலாம்."

"வரலாம்னா எனக்கும் வரலாம். எங்க மூட்ட தூக்குத அண்ணனுக்கும் வரலாம். இதுக்கா முகத்தத் தூக்கி வெச்சிருக்க?"

சிரித்துவிட்டேன். அவருக்கு இது போதும். நான் சிரித்தால் விஷயம் முடிந்தது.

ஜூலை 22, செவ்வாய்

மாடத்தி என்று ஒரு பெண். மேற்கே மலையடிவாரத்திலிருந்து வருகிறவள், ஆராய்ச்சிப் பட்டியலில் இல்லாதவள். ஆறாம் மாதக் குளுக்கோஸ் சோதனைக்கு வந்தாள். எழுபத்தைந்து கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். சரியாக இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்போம். நூற்று நாற்பதைத் தொட்டால் சர்க்கரை.

குடித்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து போனாள். திரும்பி வந்தபோது வாயைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"வாந்தி எடுத்தியா?"

"லேசா வந்துட்டுக்கா. எல்லாம் வரல."

"குடிச்சுக் கா மணி நேரந்தான் ஆச்சு. அரை மணிக்குள்ள வாந்தி எடுத்தா டெஸ்ட் செல்லாது. நாளைக்கு வா."

அவள் முகம் தொங்கிப்போயிற்று. "ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன். மாமியா கிட்ட சண்டை போட்டுட்டு வந்திருக்கேன். நாளைக்கு விடமாட்டாவ. எடுத்து எழுதிருங்கக்கா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"எடுத்தா குறைச்சுத்தான் காட்டும். சர்க்கரை இருந்தாலும் இல்லன்னு காட்டும். அப்படி ஒரு காயிதம் ஒனக்கு வேணுமா?"

வேண்டும் என்பதுபோல்தான் பார்த்தாள். அழுதாள். நான் அசையவில்லை. பதிவேட்டில் 'வாந்தி, செல்லாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"நீங்க ரொம்ப கறார்க்கா" என்றாள் ரஹ்மத். கறாராக இல்லாவிட்டால் லேப் எதற்கு?

ஜூலை 23, புதன்

மாடத்தி வந்துவிட்டாள். மாமியாரையும் கூட்டிக்கொண்டு. 168. டாக்டரிடம் அனுப்பினேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

அசைந்தது! அரிசி களைந்துகொண்டிருந்தேன். உள்ளே மெல்ல ஒரு புரளல். பானையை அப்படியே வைத்துவிட்டு நின்றேன். அவரை மார்க்கெட்டிலிருந்து போனில் கூப்பிட்டுச் சொன்னேன். பின்னால் ஏலச் சத்தத்தில் அவருக்குப் பாதி கேட்கவில்லை. "என்னது? என்னது?" என்று கத்தினார். நானும் கத்தினேன். பக்கத்து வீட்டுக்குத் தெரிந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

அத்தை வந்துவிட்டார். என் வீட்டுக்காரரின் அம்மா. கூடவே கருப்பட்டி ஒரு கூடை, உளுந்து ஒரு மூட்டை, நல்லெண்ணெய்க் கேன். காலையில் உளுந்தங்களி, சாயங்காலம் ஏதாவது ஒரு உருண்டை. ஒன்பது வருஷம் என்னை ஒரு வார்த்தை குத்திப் பேசாத மனுஷி. அவர் நீட்டுகிற கையைத் தட்டிவிட எனக்கு வாய் வரவில்லை.

"டாக்டர் இனிப்பக் குறைக்கச் சொல்லிருக்காங்க அத்தை."

"கருப்பட்டி இனிப்பாட்டி? அது மருந்துல்லா. நீ பாட்டுக்குத் தின்னு."

பாதியைத் தின்றேன். பாதியை ஒளித்தேன். சில நாள் முழுவதையும் தின்றேன். ருசியாக இருந்தது, அதையும் எழுதத்தான் வேண்டும்.

செப்டம்பர் 15, திங்கள்

நாளைக்கு எனக்கு டெஸ்ட். இருபத்தைந்து வாரம். வாந்தி இன்னும் முழுசாக நின்றபாடில்லை. ஒரு நாள் இருக்கிறது, ஒரு நாள் இல்லை.

பயமாக இருக்கிறது. மூன்று மாதமாகத் தினமும் இந்த நாளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

எட்டரைக்குக் குளுக்கோஸ் குடித்தேன். நல்ல சாறுள்ள எலுமிச்சம்பழமாக இரண்டு அவர் நேற்றே பொறுக்கிக் கொடுத்திருந்தார். ஒன்றைப் பிழிந்துகொண்டேன். ஐந்து நிமிஷத்தில் டம்ளர் காலி.

எட்டே முக்காலுக்கு லேப் பாத்ரூமைக் கழுவினேன். பினாயில் ஊற்றி, நான்கு வாளித் தண்ணீர் விட்டு. ரஹ்மத் கதவைத் தட்டி, "அக்கா, நீங்க எதுக்கு இதெல்லாம் செய்யுதீங்க? நான் கழுவ மாட்டனா?" என்றாள். நீ கழுவினால் மூலையை விட்டுவிடுவாய் என்றேன்.

பத்தரைக்கு அவள்தான் ரத்தம் எடுத்தாள். ஊசியைக் குத்தாமல் கையைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"அக்கா."

"என்ன?"

"ஒண்ணுமில்லக்கா."

"அப்ப வேலையப் பாரு."

128. நார்மல். பதிவேட்டில் நானே எழுதினேன். டாக்டர் எஸ்தர் பார்த்துவிட்டுத் தோளில் தட்டினார். "பாத்தியா? அந்த எண்ணைப் பாத்து எவ்வளவு பயந்த?"

வீட்டுக்காரருக்குப் போனில் சொன்னேன். சாயங்காலம் அவர் என்னைக் கூட்டிப் போக வந்தபோது கையில் கால் கிலோ அல்வா.

செப்டம்பர் 17, புதன்

மெஷின் காட்டியதைத்தான் எழுதினேன். நான் எதையும் மாற்றி எழுதவில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

லேப்பில் வேலை அதிகம். டெங்கு சீசன் ஆரம்பித்துவிட்டது. ரஹ்மத் இப்போதெல்லாம் அதிகம் பேசுவதில்லை. அவளுக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள், அதுவாக இருக்கும்.

செப்டம்பர் 30, செவ்வாய்

மாடத்தி சர்க்கரை பார்க்க வந்திருந்தாள். ஆள் இளைத்து, வயிறு மட்டும் அளவாக இருக்கிறது. மூன்று வேளையும் கேப்பையும் கீரையும்தானாம். மாமியார் அவள் தட்டில் சோற்றை எண்ணிப் போடுகிறாராம். மாமியாரைப் பற்றிக் கால் மணி நேரம் குறை சொன்னாள். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுத்ததில் 112.

போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அன்னைக்கு ஒங்கள மனசுக்குள்ள என்னமா ஏசுனேன் தெரியுமாக்கா? நீங்க மட்டும் எடுத்து எழுதிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

சரி சரி, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று விரட்டினேன். பிறகு தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. முந்திரிக்கொத்து, அதிரசம். 'எனக்குத்தான் நார்மல் ஆயிற்றே' என்று நானே ஒருமுறை சொன்னேன். அத்தையிடம் அல்ல, எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது நடப்பதே சிரமமாக இருக்கிறது. தாகமும் அதிகம். வெயில் வேறு.

அக்டோபர் 24, வெள்ளி

வளைகாப்பு. இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல். புளியோதரை, எலுமிச்சை, தேங்காய், தயிர், சர்க்கரைப் பொங்கல் என்று ஐந்து வகைச் சாதம். வந்தவர்கள் எல்லாரும் ஒவ்வொரு வாய் ஊட்டினார்கள். வேண்டாம் என்று சொன்னால் அபசகுனம் என்றார்கள். நாற்பது பெண்கள், நாற்பது வாய் சர்க்கரைப் பொங்கல்.

எல்லாரும் என் வயிற்றைப் பார்த்தார்கள். "ஏழு மாசம் மாதிரியா இருக்கு? ஒம்பதுல்லா மதிக்கும். பிள்ள கொழுகொழுன்னு இருக்கும் பாரு" என்றார் ஒரு சித்தி. அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. எழுந்து வந்து எனக்குத் திருஷ்டி கழித்தார்.

நான் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வளையல் குலுங்காமல் இருக்கக் கையை மடியில் அழுத்தி வைத்திருந்தேன்.

நவம்பர் 4, செவ்வாய்

எட்டாம் மாதம் இன்னொருமுறை குளுக்கோஸ் டெஸ்ட் எடுக்க வேண்டும். இன்று எடுத்திருக்கலாம். சளி பிடித்திருக்கிறது. அடுத்த வாரம் பார்க்கலாம்.

நவம்பர் 13, வியாழன்

ஸ்கேன். அந்த டாக்டர் பொத்தானை அழுத்தி அழுத்தித் திரும்பத் திரும்ப ஒரே இடத்தை அளந்தார். அளக்கிறவர் ஏன் திரும்ப அளக்கிறார் என்று எனக்குத் தெரியும். நானும் அதைச் செய்திருக்கிறேன்.

"குழந்தையோட வயித்துச் சுத்தளவு மூணு வாரம் கூட இருக்கும்மா. தண்ணியும் கூட. சுகர் பாத்தீங்களா?"

"நார்மல்" என்றார் என் வீட்டுக்காரர், பக்கத்தில் நின்றபடி. "இவ லேப்லதான் வேலை பாக்கா."

நவம்பர் 14, வெள்ளி

236.

இன்று வாந்தி வரவில்லை. குடித்தது அத்தனையும் உள்ளேயே இருந்தது.

டாக்டர் எஸ்தர் பழைய ரிப்போர்ட்டை எடுத்து வைத்துப் பார்த்தார். "செப்டம்பர்ல 128தான். சில பேருக்கு லேட்டாத்தான் வரும். ஒன் தப்பு ஒண்ணும் இல்ல." இன்சுலின் எழுதினார். எப்படிப் போட்டுக்கொள்வது என்று காட்ட ஆரம்பித்து, யாருக்குக் காட்டுகிறோம் என்று நினைவு வந்து சிரித்தார். நானும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

எழுதிவிடுகிறேன். இதில்கூட எழுதாவிட்டால் நான் எங்கே போய்ச் சொல்வது? செப்டம்பர் 16 அன்று நான் வாந்தி எடுத்தேன். குடித்துப் பத்து நிமிஷத்தில். லேசாக அல்ல. எல்லாம் வந்துவிட்டது. அதைத்தான் கழுவினேன்.

நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று பாத்ரூமில் நிற்கும்போது நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும், ரத்தம் எடுத்துப் பார்ப்போம், எவ்வளவு காட்டுகிறது என்று பார்ப்பதற்கு மட்டும் என்று நினைத்தேன். 128 என்று வந்தது. மூன்று மாதமாக 11.8 என்று ஓர் எண் என்னைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. யாரும் எனக்கு ஒன்றும் செய்யவில்லை, செய்ய ஒன்றும் இல்லை என்றார்கள். இப்போது ஒரு நல்ல எண் வந்திருக்கிறது. அதை எடுத்துக்கொண்டேன்.

ஐம்பத்தொன்பது நாள். செய்ய ஏதாவது இருந்தது என்றால் அந்த ஐம்பத்தொன்பது நாளில்தான் இருந்தது.

நவம்பர் 20, வியாழன்

இன்சுலின் காலையில் எட்டு யூனிட், மாலையில் ஆறு. அத்தை கருப்பட்டிக் கூடையைப் பரணில் ஏற்றிவிட்டார். அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு அழுதிருக்கிறார், மூக்குச் சிவந்திருந்தது. "நான்தான் குடுத்துக் குடுத்துக் கெடுத்துட்டேன்" என்று தன் மகனிடம் சொன்னாராம்.

நான்தான் அத்தை, நீங்கள் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். கேப்பைக் களி ஆறிப்போகும் என்றார். தின்றேன்.

டிசம்பர் 2, செவ்வாய்

யூனிட்டைக் கூட்டியிருக்கிறார்கள். எண்கள் இறங்குகின்றன. குழந்தை இறங்கவா போகிறது? வளர்ந்தது வளர்ந்ததுதான்.

பதினாறாம் தேதி தென்காசியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆபரேஷன் என்று முடிவு.

டிசம்பர் 18, வியாழன்

பதினான்காம் தேதி காலையிலேயே பனிக்குடம் உடைந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை. தென்காசி போய்ச் சேர்வதற்குள் வலி நெருங்கிவிட்டது. ஆபரேஷனுக்குத் தயார் செய்வதற்குள் தலை வந்துவிட்டது. தலை வந்தது, தோள் வரவில்லை.

அதற்கு மேல் எத்தனை நிமிஷம் என்று எனக்குத் தெரியாது. என் காலை மடக்கி நெஞ்சோடு அழுத்தினார்கள். ஒருத்தி வயிற்றின் அடியில் அழுத்தினாள். "முக்காதம்மா, முக்காத" என்றார்கள், பிறகு "முக்கு" என்றார்கள். ஒரு நர்ஸ் சுவரில் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அங்கே இருந்த எல்லாருக்கும் செய்ய ஏதோ இருந்தது, எனக்கு மட்டும் இல்லை.

பெண் குழந்தை. நாலு கிலோ நூறு. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அழுதாள்.

குதிகாலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். 28. என் உடம்பில் இருந்த சர்க்கரைக்குப் பழகியவள், கொடியை அறுத்ததும் அவளுக்கு ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. கண்ணாடி அறையில் ட்ரிப் ஏற்றினார்கள். மணிக்கு ஒருமுறை குத்தினார்கள். ஆயிரக்கணக்கான பேரைக் குத்தியவள் நான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, குத்தும்போது திரும்பிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் சர்க்கரை நிலைத்துவிட்டது. இடது கை மட்டும் அசையவில்லை. பக்கத்தில் தொங்கிக்கொண்டே இருக்கிறது. வெளியே எடுக்கும்போது தோளில் நரம்பு இழுபட்டிருக்கிறது என்றார் குழந்தை டாக்டர். நிறைய பேருக்குச் சில மாதத்தில் சரியாகிவிடுமாம். சிலருக்கு ஆகாதாம். இவள் எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

"இப்பச் சொல்ல முடியாதும்மா. பயிற்சி குடுங்க. பாப்போம்."

"முன்னாடியே சர்க்கரை தெரிஞ்சிருந்தா இப்படி ஆகியிருக்காதா டாக்டர்?"

"அப்படியும் உறுதியாச் சொல்ல முடியாது. வாய்ப்புக் குறைஞ்சிருக்கும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று சாதாரணமாகத்தான் சொன்னார்.

டிசம்பர் 26, வெள்ளி

வீட்டுக்கு வந்துவிட்டோம். பார்க்க வருகிறவர்கள் முதலில் குழந்தையின் குண்டுக் கன்னத்தைப் பார்க்கிறார்கள். பிறகு துணியை விலக்கிக் கையைப் பார்க்கிறார்கள். வளைகாப்பில் பெருமையாகப் பேசிய சித்தி இன்று வந்து, "ஆஸ்பத்திரியில வேலை பாக்கவளுக்கே இப்படின்னா?" என்று இழுத்தார்.

வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் எழுந்து உள்ளே வந்தார். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை. "இவ பாக்காத பார்வையா? மூணாம் மாசத்துல இருந்து பயந்து பயந்து ஒவ்வொண்ணையும் பாத்தா. பல்லு ஆஸ்பத்திரி மொதக்கொண்டு போனா. ஆறாம் மாசம் டெஸ்டெல்லாம் சரியா இருந்துச்சு. வந்தது வந்துட்டு. அவளச் சொல்லாதீங்க."

நான் குழந்தைக்குப் பால் கொடுக்கிற சாக்கில் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

ஜனவரி 6, செவ்வாய்

டைரி முடிந்துவிட்டது. பின்னால் முகவரி எழுதுகிற பக்கங்களில் எழுதுகிறேன்.

காலை பதினொரு மணி. குழந்தைக்குக் கைப் பயிற்சி கொடுக்கிற நேரம். ஒரு நாளைக்கு ஆறு முறை, ஒவ்வொரு முறையும் பத்துத் தடவை தூக்கி இறக்க வேண்டும். அவர் இந்த வாரம் மதியத்துக்கு மேல்தான் மார்க்கெட் போகிறார். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, பழத்தைத் தொடுகிற அதே விரலால் கையை மெல்லத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார். போன் வந்தது. சுகந்தி மேடம். இருநூறு பேரின் கணக்கும் முடிந்துவிட்டதாம். என் பிரசவம் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

"நாப்பத்தேழாம் நம்பர் ரொம்ப முக்கியமான கேஸ் முப்பிடாதி. எல்லாரையும்விட சி.ஆர்.பி. அதிகம். ஆனா ஆறாம் மாசம் சுத்தமா நார்மல். இப்படி நாலஞ்சு பேர் இருக்காங்க. இத வெச்சு முன்கூட்டியே சொல்ல முடியாதுன்னுதான் எழுத வேண்டியிருக்கும் போல. ரெக்கார்டு சரிதானான்னு ஒருதரம் பாத்துச் சொல்லிரு."

சரிதான் மேடம் என்று சொன்னால் போதும். போனை வைத்துவிடுவார். இனி எங்கேயோ யாரோ ஒருத்திக்கு 11.8 வரும். அவளை யாரும் இரண்டாம் முறை பார்க்க மாட்டார்கள், அப்படி ஒரு பொருத்தம் இல்லை என்று புத்தகத்தில் இருக்கும்.

"அது செல்லாது மேடம்" என்றேன்.

"ஏன்?"

"அந்தப் பொண்ணு வாந்தி எடுத்துட்டா. பத்து நிமிஷத்துல."

"ரெக்கார்டுல இல்லையேம்மா?"

"எழுதல. எழுதாதது நான்தான்."

"யாரு அந்தப் பொண்ணு? திரும்பக் கூப்பிட்டிருக்கலாம்ல?"

"நான்தான் மேடம்."

"குழந்தை நல்லா இருக்குல்ல?" என்று மட்டும் கேட்டார். போனை வைத்துவிட்டேன்.

திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். மூன்றடி தூரம், கேட்காமல் எப்படி இருக்கும். குழந்தையின் கையைத் தூக்கியது தூக்கியபடி வைத்திருந்தார்.

"என்ன ஏசுங்க" என்றேன். "அடிச்சாலும் சரி."

அவர் தலையை நிமிர்த்தவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"அன்னைக்குச் சாயங்காலம் ஒன்னக் கூப்பிட வந்தம்லா. நீ உள்ள பையை எடுத்துக்கிட்டு இருந்த. ரஹ்மத்து வாசலுக்கு வந்து கேட்டா. 'அண்ணே, அக்காவுக்குக் காலைல குளுக்கோஸ் குடிச்சதும் வாந்தி. இப்பப் பரவாயில்லையா? நாளைக்கு மறுபடி டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க'ன்னா." நிறுத்தினார். "நீ மாடத்தி கதையெல்லாம் எங்கிட்ட சொல்லிருக்கல்லா. எனக்குத் தெரியாமலா?"

"ஏன் கேக்கல?"

"நீ வெளிய வந்து நார்மல்னு மறுபடி சொல்லிச் சிரிச்ச. மூணு மாசத்துக்கு அப்புறம் மனசு விட்டுச் சிரிச்ச. எங்கைல அல்வா இருந்துச்சு. நானும் பேசாம இருந்துட்டேன்ளா."

அழுதார். சத்தமில்லாமல், குழந்தை மேல் படாமல் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு அழுதார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். யாரை யார் மன்னிப்பது?

"இன்னும் எட்டு இருக்கு" என்றார் பிறகு. "பத்துல ரெண்டுதான் ஆச்சு. இனி நீ பிடி."

வாங்கிக்கொண்டேன். என் விரலை அவள் உள்ளங்கையில் வைத்ததும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். விரல்களில் பழுது இல்லை, பிடி நல்ல பிடி. தூக்கத்தான் அவளால் முடியாது. மூன்று என்று எண்ணித் தூக்கினேன்.